பூட்டில்லாத குரல்

பிளான்டயர்
12 ஜூன் 2010

அன்புள்ள தமந்தானி அக்காவுக்கு,

நான் நன்றாக எழுந்தேன். நீ எப்படி எழுந்தாயோ? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சகேயோ மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல். நான் வங்கி வேலையை விட்ட கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

போன மாதம் உன் பள்ளிக்கூடத்தில் பார்த்தது என் மனதை விட்டுப் போகவில்லை. பார்வையில்லாத பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு கம்ப்யூட்டர். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் நிரல் ஒன்றைப் போட்டு, படம் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டு அறக்கட்டளை போய்விட்டது. ஒரு வருட உரிமம். வருடம் முடிந்ததும் நிரல் ஊமையாகிவிட்டது. உன் மாணவி ஃபட்சானி விசைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “சார், இதுக்கு எம்மேல கோவமா?” கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும் ஆட்களுக்கு நம் நாட்டில் மாலை போட்டு வரவேற்பு.

அது பேசிய காலத்திலும் நம் சிச்சேவா மொழியைச் சுடுகிழங்கை வாயில் அடக்கிக்கொண்டவன் மாதிரிதான் படித்தது. வங்கியை விட்டு நான் சேர்ந்த குழுவிடம் கட்டற்ற மென்பொருளாக ஒரு பேசும் நிரல் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், நகலெடுக்கலாம், பிரித்துத் திருத்தலாம். நம் மொழியையும் அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் ஒரே ஆள் எண்ணூறு வாக்கியங்களைத் தெளிவாகப் படித்துப் பதிந்து தர வேண்டும். அந்த ஒலிகளை வெட்டி ஒட்டித்தான் அது எதையும் பேசும்.

நீ படிப்பாயா?

உங்கள் ஊரில் சிக்னல் கிடைக்க மரம் ஏற வேண்டியிருப்பதால் இதை பஸ் டிரைவர் வைசனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் தம்பி,
மசாவுகோ


சலிமா
4 ஜூலை 2010

தம்பி மசாவுகோவுக்கு,

நான் நன்றாக எழுந்தேன். நீ எப்படி எழுந்தாயோ? அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக நடக்கிறது. உனக்கு இப்போது சம்பளம் உண்டா என்று கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். “டை கட்டிக்கிட்டு பேங்குல உக்காந்திருந்தவன் இப்ப சி.டி. விக்கிறானா?” என்றார். “விக்கல மாமா, சும்மா குடுக்கறான்” என்றேன். “அது அதவிட மோசம்” என்று எழுந்து போய்விட்டார்.

என் குரலா? கோயில் பாடகர் குழுவில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இருந்தாலும் ஃபட்சானி தினமும் அந்தக் கம்ப்யூட்டரின் தூசியைத் துடைக்கிறாள். வேறு யாரும் கிடைக்காவிட்டால் நான் படிக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். என் குரலை யாரும் எடுக்கலாம் என்றாயே, கெட்டவனும் எடுக்கலாமா?

ரெக்கார்டரைச் சீக்கிரம் அனுப்பு. தொண்டையில் மீன் முள் சிக்கியதுபோல் சில நாளாக உறுத்துகிறது. நீ அனுப்புவதற்குள் சரியாகிவிடும்.

உன் அக்கா,
தமந்தானி


பிளான்டயர்
20 ஜூலை 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக எழுந்தேன். நீ எப்படி எழுந்தாயோ? முள்ளுக்கு ஒரு பெரிய களி உருண்டையை மெல்லாமல் விழுங்கு, போய்விடும்.

ரெக்கார்டரும் முதல் நானூறு வாக்கியங்களும் இத்துடன் வருகின்றன. ஒவ்வொரு மெமரி கார்டு நிறைந்ததும் வைசனிடம் கொடு. கூடவே ஓர் உரிமப் பத்திரம் இருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. போட்ட பிறகு திரும்ப வாங்க முடியாது. உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது.

கெட்டவனும் எடுக்கலாமா என்று கேட்டாய். எடுக்கலாம். உன்னிடம் நான் மழுப்ப மாட்டேன். இன்னாருக்கு இது கிடையாது என்று இன்றைக்கு நான் ஒரு வரி சேர்த்தால், நாளைக்கு இன்னொருவன் ஏழைகளுக்குக் கிடையாது என்று ஒரு வரி சேர்ப்பான். அந்த வரிகளால்தான் உன் வகுப்பில் ஒரு கம்ப்யூட்டர் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஓர் அதிகாரியிடம் இதை விளக்கினேன். “இலவசம்னா மட்டமாத்தான் இருக்கும் தம்பி, எனக்கு விலை போட்ட பில் வேணும்” என்றார். பில் இருந்தால்தானே நடுவில் அவர் கையில் கொஞ்சம் நிற்கும்.

யோசித்துச் செய்.

உன் தம்பி,
மசாவுகோ


சலிமா
11 செப்டம்பர் 2010

தம்பிக்கு,

நான் நன்றாக எழுந்தேன். நீ எப்படி எழுந்தாயோ? அம்மா உனக்குக் காய்ந்த மீன் அனுப்புகிறாள். வைசன் பாதியைத் தின்னாமல் கொண்டுவந்தால் உன் அதிர்ஷ்டம்.

முதல் கார்டு இதோ. பள்ளியின் மக்காச்சோளக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, “டீச்சர், எலிங்களுக்குப் பாடமா?” என்றார். நூற்றுப் பத்தாவது வாக்கியத்தில் ஒரு கோழி கூவும், மன்னித்துக்கொள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். எங்கள் அடிபம்புக்கு ஊர்க்குழு பூட்டுப் போட்டது. பக்கத்து ஊர்க்காரர்களும், சூனியக்காரி என்று நாம் ஒதுக்கிவைத்த அந்தக் கிழவியும் வந்து தண்ணீர் பிடிக்கிறார்களாம். சாவி வைத்திருந்தவன் மாமியார் சாவுக்கு வெளியூர் போனான். ஊரே ஏரித் தண்ணீரைக் குடித்தது, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நான் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தேன். மாமா தலை குனிந்து என் சார்பில் ஒரு கோழி அபராதம் கட்டினார். பிறகு என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அந்தக் கிழவி இன்றும் வந்து தண்ணீர் பிடிக்கிறாள். அவள் குடிக்கக் கூடாதென்று பூட்டினால் நம் தொண்டையும்தான் வறளும். உன் பத்திரத்திலும் அதுதானே எழுதியிருக்கிறது?

முள் இன்னும் போகவில்லை.

உன் அக்கா,
தமந்தானி


பிளான்டயர்
17 அக்டோபர் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக எழுந்தேன். நீ எப்படி எழுந்தாயோ? மீன் வந்தது. வைசன் தலைகளை மட்டும் எடுத்துக்கொண்டானாம், மரியாதைக்கு.

நேற்று நிரல் முதல்முறை பேசியது. “ஏரியில் காற்று அடிக்கிறது” என்று தட்டினேன். நீ ஒருபோதும் படிக்காத வாக்கியம் அது. உன் குரலில் சொன்னது. சற்றுத் திக்கிற்று, ஆனால் நீதான். குழுவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் மறுபடி தட்டிக் கேட்டேன்.

ஒரு குறை. இரண்டாவது கார்டில் உன் குரல் கரகரக்கிறது. ஒலிகளை ஒட்டும்போது ஒரே சொல்லுக்குள் இரண்டு பெண்கள் பேசுவதுபோல் கேட்கிறது. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, வகுப்பில் கத்தாதே. கரகரத்தவற்றைக் குறித்து அனுப்பியிருக்கிறேன், மறுபடி படித்துவிடு.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
மசாவுகோ


சலிமா
19 டிசம்பர் 2010

தம்பிக்கு,

எழுந்தேன், நீ எப்படி எழுந்தாயோ?

மழை பிடித்துக்கொண்டது. கிடங்கின் தகரக் கூரையில் கல்லெறிவதுபோல் சத்தம், அங்கே படிக்க முடியவில்லை. வீட்டுச் சமையல் குடிசைக்கு மாறிவிட்டேன். புல் கூரை சத்தம் போடாது. அங்கே மறுபடி படித்த கார்டு இத்துடன் வருகிறது.

அம்மாவைச் சலிமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து லிலோங்வே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு முறை போய் வந்தோம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் கையை விடவே இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி.

இப்போதெல்லாம் கஞ்சிதான் குடிக்கிறேன், சமைக்க நேரம் எங்கே இருக்கிறது? என் பச்சை உடையையும் நீ வாங்கித் தந்த நீல உடையையும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டன.

மீதி நானூறு வாக்கியங்களையும் ஒரேயடியாக அனுப்பிவிடு. தவணையாக வேண்டாம்.

உன் அக்கா,
தமந்தானி


பிளான்டயர்
16 ஜனவரி 2011

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக எழுந்தேன். நீ எப்படி எழுந்தாயோ? ஒன்றுமில்லாத அம்மாவை எதற்கு மழையில் லிலோங்வே வரை இழுத்தடித்தாய்? உடையை ஏன் கொடுத்தாய்? மழைக்காலத்தில் எல்லாரும் இளைப்பதுதான், அறுவடை வந்தால் தேறிவிடுவாய்.

சமையல் குடிசை சரிப்படாது. புகை உன் தொண்டையைக் கெடுத்துவிட்டது, பாதிக்கு மேல் பயன்படாது. அடுப்பை அணைத்து, ஒரு நாள் காற்றாட விட்டு, பிறகு படி. கோபித்துக்கொள்ளாதே. இந்த நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் கேட்கப்போகும் குரல், அதில் கரகரப்பு இருக்கக் கூடாது. மீதி வாக்கியங்களும் இத்துடன் வருகின்றன.

மார்ச்சில் நைரோபியில் கட்டற்ற மென்பொருள்காரர்கள் கூடுகிறார்கள். உன் குரலை அங்கே பேச வைக்கப்போகிறேன். திரும்பி வந்து ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறேன், உறுதியாக.

உன் தம்பி,
மசாவுகோ


சலிமா
20 பிப்ரவரி 2011

மசாவுகோ,

நீ நன்றாக எழுந்திருப்பாய்.

எல்லாம் முடிந்தது. கரகரத்தவற்றையும் மறுபடி படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மிடறு தோப்வாக் கூழ் குடித்துவிட்டுப் படித்தால் கொஞ்ச நேரம் குரல் தெளிகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் வாக்கியங்களில் ஏரி இருக்கிறது, அரசாங்கம் இருக்கிறது, விலைவாசி இருக்கிறது. “நன்றாக எழுந்தாயா?” மட்டும் இல்லை. அதைக் கேட்காமல் யாரப்பா பேச்சைத் தொடங்குவார்கள்? நானாகச் சேர்த்துப் பதிந்திருக்கிறேன். அதற்கான பதிலைப் பதியவில்லை. மூச்சு வாங்கியது. பதிலை உன் நிரலே ஒட்டிச் சேர்த்துக்கொள்ளட்டும்.

நைரோபிக்குப் போ. அதற்கு முன்னால் முடிந்தால் ஒரு நாள் இங்கே இறங்கிவிட்டுப் போ. முடியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளைகளின் கம்ப்யூட்டரைப் பேச வைத்துவிடு. ஃபட்சானி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அக்கா


சலிமா
24 ஜூலை 2011

மருமகன் மசாவுகோவுக்குச் சகேயோ மாமா எழுதுவது.

நாங்கள் எழுந்தோம், நீ எப்படி எழுந்தாயோ? உன் அம்மா எழுந்திருக்கிறாள், பேசுவது குறைவு.

குலத்துக் காரியத்தை மரத்தில் ஏறி நின்று போனில் பேசக் கூடாது. அதனால் எழுதுகிறேன். மார்ச்சில் வானொலியில் உன் அக்காவின் சாவுச் செய்தி மூன்று வேளை வாசித்தார்கள். நீ வேறு நாட்டில் இருந்தாய். மண் மூடிய பிறகு வந்தாய், தலை மழிக்கும் நாள்வரைகூட இருக்கவில்லை. அதற்காக உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. தொண்டையில் வந்த நோயை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் வாயைக் கட்டியவள் அவள்தான்.

அவள் பொருட்களை முறைப்படி பங்கிட்டோம். பானை பெரியம்மா மகளுக்கு, துணிகள் உன் அம்மாவுக்கு, மண்வெட்டி எனக்கு. அவள் புருஷன் ஜோஹன்னஸ்பர்க் போனதிலிருந்து தகவல் இல்லை, அவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

போன வாரம் கசுங்கு புகையிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போன என் மகனைப் பார்க்கப் போனேன். காலையில் வாசலில் ஒரு கூட்டம் ஆட்கள் வேலைக்குக் காத்து நின்றார்கள். கம்பத்தில் ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரு பெண் பேசினாள். “பெயர் வாசிக்கப்படாதவர்களுக்கு இன்று வேலை இல்லை. வாசலில் நிற்காதீர்கள். வீட்டுக்குச் செல்லுங்கள்.” மரியாதையாக, நிதானமாக.

என் மகன் என் சட்டையைப் பிடித்தான். “அப்பா, அது நம்ம தமந்தானி.”

பக்கத்தில் நின்றவன் காறித் துப்பினான். “இந்த மூதேவி வாயத் தைக்கணும். இவ பேச ஆரம்பிச்சா அன்னிக்கு அடுப்பு எரியாது.” மற்றவர்கள் சிரித்தார்கள். தினமும் அவளைத் திட்டுகிறார்களாம். நான் அவளைப் புதைத்தவன், மருமகனே. அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சகோதரிகளின் பிள்ளைகளுக்கு நான்தான் பொறுப்பு. அவள் பானையைப் பங்கிட என்னைக் கேட்டார்கள். குரலைப் பங்கிட நீ யாரைக் கேட்டாய்? எடுத்துவிடு. தோட்டத்திலிருந்தும், பள்ளிக்கூடத்திலிருந்தும், எல்லா இடத்திலிருந்தும். செத்தவள் ஓய்வெடுக்கட்டும்.

மாமா,
சகேயோ


பிளான்டயர்
14 ஆகஸ்ட் 2011

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

எழுந்தேன், நீங்கள் எப்படி எழுந்தீர்களோ? அம்மா சாப்பிடுகிறாளா?

என்னால் எடுக்க முடியாது. எங்கள் தளத்திலிருந்து இன்றைக்கே அழிக்கலாம். ஆனால் நகல்கள் எங்கெங்கோ இருக்கின்றன. ஸோம்பாவில் ஒரு பள்ளி, ஜாம்பியாவில் இரண்டு, கண் ஆஸ்பத்திரி ஒன்று, எனக்குத் தெரியாத இன்னும் எத்தனையோ. அப்படித்தான் செய்தோம், யாரும் பிடுங்க முடியாதபடி.

தோட்டத்துக்காரர்களுக்கு எழுதினேன். அவர்கள் வக்கீல் என் பத்திரத்தின் வரிகளையே எனக்குத் திருப்பி அனுப்பினார். எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற வரியின் அடியில் கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு நியாயமானதுதான், மாமா.

அக்காவுக்கு இது தெரியும். கெட்டவனும் எடுக்கலாமா என்று முதலில் கேட்டவளே அவள்தான். அடிபம்புக் கிழவியைப் பற்றி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்தக் கோழி உங்களுக்கு நினைவிருக்கும்.

இதற்கு முன்னால் அந்த வாசலில் மேஸ்திரி தன் சொந்த வாயால் ஆட்களை விரட்டினான். அப்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. காத்து நிற்பவனுக்கு வேலையில்லை என்று சொல்வதுதான் அசிங்கம், யார் குரலில் சொன்னால் என்ன? இதைத்தான் கூட்டங்களில் பேசுகிறேன். கைதட்டுகிறார்கள். அறைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் அவள் பேசுகிறாள். பிழை திருத்த வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக ஒரு பிழையும் திருத்தவில்லை.

பள்ளியில் போடச் சொல்லி சி.டி.யை வைசனிடம்தான் கொடுத்தேன். நான் வரவில்லை. அங்கே மட்டும் அழிக்க வேண்டும் என்றால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரியும். நான் தடுக்க மாட்டேன்.

உங்கள் மருமகன்,
மசாவுகோ


சலிமா
2 அக்டோபர் 2011

மருமகன் மசாவுகோவுக்கு,

நாங்கள் எழுந்தோம், நீ எப்படி எழுந்தாயோ?

உன் கடிதம் கிடைத்ததும் அழிக்கச் சொல்லத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன் அம்மா தானும் வருவேன் என்று கோலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டாம் என்றேன். “அவளப் புதைக்கும்போது என்னையக் கேட்டியா? இப்பவும் கேக்காத” என்றாள்.

வகுப்பில் பிள்ளைகள் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃபட்சானி தட்டிக்கொண்டிருந்தாள். “மந்திரி தவளையை விழுங்கினார்” என்று உன் அக்கா சொன்னாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அவள் உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதுதான்.

தலைமையாசிரியர், அழிக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். ஃபட்சானி தட்டுவதை நிறுத்தினாள். நான் செருமியதை வைத்து என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “தாத்தா, இதுவும் ஒரு வருசம்தானா?” என்றாள்.

இல்லை என்றேன். கசுங்கு வாசலில் நின்றது என் நெஞ்சில் அப்படியேதான் இருக்கிறது, உன் நியாயம் அதை ஆற்றவில்லை. ஆனாலும் இல்லை என்றேன். அது இங்கே இருக்கட்டும்.

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். உன் அம்மா, “தவள கிவள எல்லாம் பேசுறா, என்கிட்ட ஒண்ணும் பேசலியே” என்றாள். நான் கோர்ட்டில் முப்பது வருடம் தட்டச்சு அடித்தவன், விரல்களுக்கு எழுத்து தெரியும். பிள்ளையை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து தட்டினேன்.

“அம்மா, நன்றாக எழுந்தாயா?” என்றாள் தமந்தானி.

திக்கவில்லை. கரகரக்கவில்லை. சமையல் குடிசையிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது. உன் அம்மா மேல்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நான் நல்லா எழுந்தேன்டி. நீ எப்படி எழுந்தியோ?”

என்று கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதிலைத் தட்ட என் விரல் எழவில்லை, மசாவுகோ. வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். “இரு, அவ மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் பேசுவா” என்றாள்.

இப்போது தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகிறாள். நீ புறப்பட்டு வா.

மாமா,
சகேயோ